முகட்டுப் பூங்குருவியின் இறக்கை: ஒரு திருத்தம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

நான் ஒன்பது புத்தகம் எழுதியவன். என் அக்கா அச்சில் தன் கைப்பட எழுதியது மொத்தம் நான்கு வரி. பறவை ஆராய்ச்சிக்கான ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்கு மேலே, 'திருத்தம்' என்ற தலைப்பில் அவை வந்தன. அதைப் படித்த அன்று என் ஒன்பது புத்தகங்களையும் அலமாரியில் முதுகு தெரியாதபடி திருப்பி வைத்தேன். (மிகை. மூன்றைத்தான் திருப்பினேன். நாலாவதைத் தொடும்போது மனைவி பார்த்துவிட்டாள்.)

அந்த நான்கு வரி இவை:

"எங்கள் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் முகட்டுப் பூங்குருவியின் இறக்கை அளவுகள் பதப்படுத்திய தோல்களிலிருந்தும், ஓடைப் பூங்குருவியின் அளவுகள் உயிருள்ள பறவைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. காய்ந்த இறக்கை சுருங்கும். ஆகவே அந்த அட்டவணை காட்டும் வித்தியாசத்தை நம்ப வேண்டாம். அளந்தது நான், தவறும் என்னுடையது."

கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். அப்படி ஒரு வரி என் ஒன்பது புத்தகத்திலும் கிடையாது. ஒரு தவறு வந்தால் நான் அச்சகத்தைச் சொல்வேன், பிழைதிருத்துபவரைச் சொல்வேன், காலத்தைச் சொல்வேன்.

பொறாமை ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அடியில் கிடந்தது பெருமை. அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. பொறாமையை வைத்துக்கொண்டு ஒரு கதையை ஒழுங்காக எழுதி முடித்துவிடலாம். பெருமையை வைத்துக்கொண்டு முடியாது. நாலாவது வாக்கியத்திலேயே கை தானாக அக்காவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிடுகிறது.

2

முதல் தொடக்கம்:

[பனி விலகாத விடியலில், மலை முகட்டின் குட்டை மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அது பாட்டா அழுகையா என்று அவளுக்கு]

இதை அக்காவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். எங்கே நின்று கேட்டாய் என்று கேட்டாள். நான் எங்கேயும் நிற்கவில்லை. இது எழுதிய வரைக்கும் நான் அந்த மலைக்குப் போனதே இல்லை.

"நானுந்தான் கேட்டதில்ல" என்றாள். "இருபத்தாறு வருஷமா அந்தப் பறவை என் கையிலதான் இருக்கு. ஒண்ணுகூட வாயத் திறந்ததில்ல."

ஆகவே இரண்டாம் தொடக்கம்:

ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவரை ஒட்டி இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் இருபது இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் வரிசையாக மல்லாந்து கிடக்கும் பறவைகள். கண் இருந்த இடத்தில் பஞ்சு. இரண்டு காலையும் குறுக்காகக் கட்டிய நூலில் ஒரு சீட்டு: எங்கே, எப்போது, யார், இறக்கை எத்தனை மில்லிமீட்டர். பூச்சி உருண்டை வாசனை மூக்கில் ஏறி, கைப்பையில் புகுந்து, வீடு வரைக்கும் கூடவே வரும்.

இதற்கு அக்கா ஆட்சேபம் சொல்லவில்லை, இழுப்பறை இருபது இல்லை இருபத்திரண்டு என்பதைத் தவிர. இருபத்திரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் அவள் சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. பழைய சீட்டுகளில் மை மங்கிக்கொண்டு வந்தது. அவற்றைப் பார்த்துப் புதிய சீட்டு அடிக்க ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவள் படித்தது வணிகவியல். பறவைகளில் காக்கைக்கும் புறாவுக்கும் மேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஆறு மாதம் முடிந்தபோது, சீட்டிலிருக்கும் அளவும் பறவையின் அளவும் ஒத்துப்போகாத இடங்களை ஒரு பட்டியலாக்கிப் பறவைப் பிரிவின் காப்பாளர் மேஜையில் வைத்தாள். மனிதருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இவ்வளவு அக்கறை இருந்தால் எல்லாவற்றையும் நீயே மறுபடி அளந்துவிடேன் என்று ஓர் அளவுகோலை நீட்டினார். கேலிக்குத்தான் சொன்னாராம். உள்ளே இருந்தவை நாலாயிரத்து முந்நூறு பறவைகள். அவள் அளந்து முடித்தாள். அதற்குள் வேலை நிரந்தரமாகி, முதுகுக்குப் பின்னால் 'மில்லிமீட்டர்' என்று ஒரு பெயரும் விழுந்துவிட்டது.

3

இனிப் பறவைகள். இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். தாண்டிப் போய்விடாதீர்கள், இது தெரியாவிட்டால் ரெண்டு மில்லிமீட்டருக்காக இத்தனை பேர் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று உங்களுக்குப் புரியாது.

பூங்குருவிகளில் இந்த இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள் போல. இரண்டுக்கும் ஒரு சாணுக்குக் குறைந்த உடம்பு, பழுப்பு முதுகு, வெளிறிய மார்பில் புள்ளிகள். ஓடைப் பூங்குருவியின் முதுகு தேநீர் நிறம் என்றால், முகட்டுப் பூங்குருவியினுடையது அதே தேநீர் இன்னும் ஒரு கொதி கூடிய நிறம். முகட்டுக்குக் கீழ் அலகில் மஞ்சள் சற்றுத் தூக்கல். ஓடையின் பாட்டு கடைசியில் ஏறும், முகட்டின் பாட்டு இறங்கும். முகட்டுக்கு இறக்கை கொஞ்சம் குட்டை. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவும் இருந்தால்.

(இரண்டு பெயரும் நான் சூட்டியவை. பறவைப் புத்தகத்தில் தேடாதீர்கள். நிஜப் பெயரைப் போட்டால் பெரிய கேமராவோடு ஆட்கள் கிளம்பிப் போய்ப் புதரையெல்லாம் மிதித்துக் கூட்டைக் கலைப்பார்கள் என்று அக்கா தடை போட்டுவிட்டாள். நிறத்தையும் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன்.)

(இப்படி நெருங்கியவற்றை விஞ்ஞானத்தில் உடன்பிறந்த இனங்கள் என்கிறார்கள். அக்கா, தம்பி என்று இதை வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இதற்காவது என்னைப் பாராட்டுங்கள்.)

ஆனால் வாழ்க்கையில் இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. மர நிழலில் தண்ணீர் ஓடும் இடமெல்லாம் ஓடைப் பூங்குருவி உண்டு, லட்சக்கணக்கில். முகட்டுப் பூங்குருவிக்கு வேண்டியது காற்று அடித்து அடித்து ஆள் உயரத்துக்கு மேல் வளராத மரம். அப்படிப்பட்ட மரங்கள் ஐந்தே ஐந்து மலை உச்சிகளில் இருக்கின்றன. மொத்தம் இரண்டாயிரம் பறவைகள் இருந்தால் அதிகம்.

வெகுகாலம் இரண்டையும் ஒரே பறவை என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஒரே பறவை என்றால் பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே 'கவலை குறைந்த இனம்' என்று இருக்கும். தனிப் பறவை என்றால் முகட்டுப் பூங்குருவி 'அழிவாய்ப்பு இனம்' ஆகிவிடும். அது இருக்கும் உச்சியில் ஒரு கல்லைப் புரட்டவும் அனுமதி கேட்க வேண்டும். (இதை அம்மாவுக்கு விளக்கியபோது, நம் வீட்டில் கவலை குறைந்த இனம் உங்கப்பா ஒருத்தர்தான் என்றாள்.)

ஆறு வருஷத்துக்கு முன் காப்பாளரும் அக்காவும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்றது கட்டுரை. அதன் முதுகெலும்பு அக்காவின் இரண்டாம் அட்டவணை. பட்டியல் மாறியது. ஐந்து உச்சிகளில் பெரியதன் மேல் ஒரு ரோப் காரும் ஓட்டலும் வருவதாக இருந்தது, அது நின்றது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். அந்த ரோப் காருக்கு மேற்பார்வையாளராக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலையும் நின்றது. வருத்தப்பட்டாரா என்று கேட்பீர்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் மனைவியைக் காட்டி, "என் வேலைக்கே வேட்டு வெச்சவ இவ" என்று சொல்லிப் பூரித்துப்போவார்.

4

தவறு எப்படி நடந்தது?

ஓடைப் பூங்குருவிகள் கிடந்த இழுப்பறையில் ஒரு மழைக்காலத்தில் தோல்வண்டு புகுந்துவிட்டது. திறந்து பார்த்தபோது இறகுத் தூளும் சீட்டுகளும்தான் மிச்சம். அதனால் கட்டுரைக்காகக் காப்பாளரின் மாணவர்கள் ஓடைக் கரைகளில் வலை கட்டி, அறுபது பறவைகளைப் பிடித்தார்கள். அக்கா ஒவ்வொன்றையும் அளந்து விட்டுவிட்டாள். சராசரி தொண்ணூற்றிரண்டு. முகட்டுப் பூங்குருவிகள் இழுப்பறையிலேயே பத்திரமாக இருந்தன, நூற்று நாற்பத்து மூன்று. சராசரி எண்பத்தொன்பது. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்.

காய்ந்ததைக் காய்ந்ததோடும் உயிருள்ளதை உயிருள்ளதோடும்தான் ஒப்பிட வேண்டும் என்பது அந்த அறையைக் கூட்டுகிறவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருவருக்கும் தோன்றவில்லை. தவிர, கிடைத்தது அவர்கள் ஆசைப்பட்ட எண். ஆசைப்பட்ட எண் கிடைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பிறகு ஒருநாள், பெரிய உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்திலிருந்து ஒரு பிளாஸ்க் வந்தது. அங்கே மழைமானியைப் பார்த்துக் குறிக்கிறவரை நாங்கள் வானிலைக்காரர் என்போம். அவருடைய ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு முகட்டுப் பூங்குருவி செத்துவிட்டதாம். பனிக்கட்டி போட்டு அனுப்பியிருந்தார். அக்கா அதை உரிப்பதற்கு முன் அளந்தாள். தொண்ணூற்றொன்று. சீட்டில் எழுதினாள். தோலைப் பதப்படுத்திப் பஞ்சு அடைத்துக் காயவைத்து இழுப்பறையில் சேர்த்தாள். ஒரு வருஷம் கழித்து, சீட்டுகளைச் சரிபார்க்கும்போது அதையே மறுபடி அளந்தாள். எண்பத்தொன்பது.

[அவள் கையிலிருந்த அளவுகோல் நழுவித் தரையில்]

விழவில்லை. அக்கா கையிலிருந்து அளவுகோலாவது விழுவதாவது. இரண்டு நாள், இரண்டு அளவுகோல்களால், பத்து தடவை அளந்தாள். எண்பத்தொன்பது. சீட்டில் அவள் கையெழுத்திலேயே தொண்ணூற்றொன்று.

வீட்டுக்கு வந்தாள். மாமா சமைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்று, என் அட்டவணை தப்பு என்றாள். எவ்வளவு என்று மாமா கேட்டார். மூன்று மில்லிமீட்டரில் இரண்டு என்றாள். அவர் வாழ்நாள் முழுக்கக் கம்பி நீளமும் தேய்மானமும் பார்த்தவர். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

5

இந்த இடத்தில்தான் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

காப்பாளருக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. ரோப் கார் நிறுவனம் பட்டியலை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஏற்கெனவே மனுப் போட்டிருந்தது. அவர்களிடம் உருப்படியான காரணம் ஏதும் இல்லை. இப்போது அக்கா வாயைத் திறந்தால் காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போலாகும். காப்பாளர் கெட்டவர் இல்லை. அவர் பேசியதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அதை அப்படியே தருகிறேன்.

"ஏம்மா, அது வேற பறவைதான். எனக்குத் தெரியும், காது இருக்கு. உன்னோட ரெண்டு மில்லிமீட்டருக்காக ஒரு மலைய எடுத்துக் குடுக்கப் போறியா? யாரும் கேக்கல. கேக்காததச் சொல்லாம இருக்கறது பொய் ஆகாது."

"எனக்கும் வேறதான்னு தோணுது சார். ஆனா தோணுதுன்னு நான் எழுதல. அளந்தேன்னு எழுதியிருக்கேன்."

(பாட்டை வைத்துச் சொல்லக் கூடாதா? பறவைகள் பக்கத்து மரத்துப் பறவையைக் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்ளும் என்று நிறுவனம் சொன்னது. மரபணு? இரண்டு ஆய்வுக்கூடங்கள் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டன. எல்லாம் சுற்றி வந்து இறக்கையில்தான் நின்றது.)

என் சந்தேகம் இது: இரண்டாயிரம் பறவைகளின் வீட்டைப் பணயம் வைத்து ஒருத்தி உண்மை சொன்னால், அது நேர்மையா திமிரா? முதல் வரைவில் நேர்மை என்று எழுதி, ஒரு பத்தி முழுக்க அவளை அழவைத்திருந்தேன். அக்கா அந்தப் பத்தியைப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தாள்.

"நான் எங்கடா அழுதேன்? அது திமிர்தான். திமிருன்னே எழுது. என் பேர் இருக்கற அட்டவணையில ஒரு தப்பு எண் உக்காந்திருக்கு, அத இன்னொருத்தன் வந்து கண்டுபிடிக்கணுமா? என் தப்ப நான்தான் கண்டுபிடிப்பேன்."

என் சந்தேகம் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இப்படிப்பட்ட திமிர் எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்காவது இருக்கிறதே என்று அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

திருத்தம் அச்சில் வந்தது. பதினோராம் நாள் நிறுவனம் அதை மனுவோடு இணைத்தது.

6

மனுவை விசாரிக்கும் பட்டியல் குழு கூடிய அறையில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பேசும் மைக். நிறுவனத்தின் வக்கீல் நல்ல குரல்வளம் உள்ளவர். அக்காவைப் போல நேர்மையான ஒருவரைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்று ஆரம்பித்து, அவளை ஏற்றோ ஏற்று என்று ஏற்றினார். கடைசியில், அப்படியென்றால் இது தனிப் பறவை என்று நிரூபணம் ஆகவில்லை, சரிதானே என்று கேட்டார்.

சரி என்றாள் அக்கா.

அவர் உட்காரப் போனார். அக்கா மைக்கை அணைக்கவில்லை. "ஒண்ணுதான்னும் நிரூபணம் ஆகல. உயிரோட இருக்கற முகட்டுப் பறவைய இதுவரைக்கும் யாருமே அளக்கல. நான் உள்பட" என்றாள்.

குழு அரை மணி நேரம் தங்களுக்குள் பேசியது. முடிவு: இந்த இனப்பெருக்கக் காலம் முடிவதற்குள் முப்பது பறவைகளை உயிரோடு அளக்க வேண்டும். இறக்கை ஓடைப் பூங்குருவியினுடையதைவிடத் தெளிவாகக் குட்டையாக இருந்தால் பட்டியல் அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் 'கவலை குறைந்த இனம்', ரோப் காருக்கு வழி.

யார் அளப்பது என்ற கேள்வி வந்தது. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நிபுணரை வெளியிலிருந்து வரவழைக்கலாம் என்றார் தலைவர். வக்கீல் எழுந்தார். "இந்தம்மாவே அளக்கட்டும். இவங்க சொல்ற எண்ண எங்க கட்சிக்காரர் ஏத்துக்குவாரு."

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று பக்கம் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்று உங்கள் அக்காவின் அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்வதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். போதும்.

7

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. வலது முழங்கால் தகராறு. காப்பாளருக்கு மூச்சிரைப்பு. மாணவர்களுக்குத் தேர்வு. எண்களைக் குறிக்க ஓர் ஆள் வேண்டும். "எழுத்தாளன்னு சொல்லிக்கிட்டுத் திரியறல்ல, வா, வந்து எழுது" என்றாள்.

போனேன். வானிலைக்காரர் தன் நிலையத்தில் ஓர் அறை ஒதுக்கித் தந்து, வலைக் கம்பங்களை நடவும் உதவினார்.

வேலை இப்படி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை. பறவை விழுந்ததும் துணிப்பையில் எடுத்து வருவாள். காலில் எண் போட்ட வளையம். பிறகு, கழுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் வரும்படி பிடித்து, மடித்த இறக்கையை அளவுகோலில் தட்டையாக அழுத்தி, எண்ணைச் சொல்வாள். நான் எழுத வேண்டும். எழுதிய பின், எழுதியதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் தலையசைத்தால்தான் பறவைக்கு விடுதலை.

முதல் பறவை விழுந்த காலையில் அவள் அதைக் கையில் எடுத்துவிட்டு எண்ணே சொல்லவில்லை. நான் பேனாவோடு காத்திருந்தேன். அந்தப் பறவையை இருபத்தாறு வருஷம் கையாண்டவள், அதன் இறகின் ஒவ்வொரு நுனியும் அவளுக்குத் தெரியும்.

"சூடா இருக்குடா" என்றாள்.

பிறகு எண்ணைச் சொன்னாள்.

நாட்கள் போயின. நான் மனதுக்குள் கள்ளத்தனமாகச் சராசரி போட்டுக்கொண்டே வந்தேன். சின்ன எண் வந்தால் உள்ளே ஒரு துள்ளல், பெரிய எண் வந்தால் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பேன். அக்காவின் முகம் எல்லா எண்ணுக்கும் ஒன்றுதான்.

பதினேழாம் பறவைக்குத் தொண்ணூற்றிரண்டு என்றாள். நான் தொண்ணூறு என்று எழுதினேன். தொண்ணூற்றிரண்டு என்று திருப்பிச் சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது. அப்போது சுடவில்லை. நடந்ததைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பது என் தொழில். முப்பது வருஷமாகச் செய்கிறேன், அதற்காக மாலை போட்டிருக்கிறார்கள்.

தினமும் சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் அவள் நோட்டைச் சரிபார்ப்பாள். அன்று பதினேழில் விரல் நின்றது.

"வாயால ரெண்டுன்ன. கையால பூஜ்யம் போட்டிருக்க."

"உனக்காகத்தான்க்கா."

"எனக்காகவா? நான் அளந்தது உனக்குப் போதல, அதானே?"

ஒன்பது புத்தகத்துக்கும் சேர்த்து என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அவள் அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், கீழே இருப்பது படிக்கும்படி. அந்த நோட்டில் அழிப்பானுக்கு இடமில்லை. தவறு தெரிய வேண்டும், யாருடையது என்பதும் தெரிய வேண்டும். பக்கத்தில் என்னை எழுதவைத்தாள்: 'குறிப்பெடுத்தவர் வேண்டுமென்றே மாற்றியது.' கீழே என் கையெழுத்து. (இந்தக் கதையில் கைவிட்ட வாக்கியங்களெல்லாம் அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடப்பது அழகுக்காக இல்லை. தண்டனை.) சரியான எண் தனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஞாபகம் பதிவாகாது என்று சொல்லிப் பதினேழாம் பறவையை மொத்தமாக நீக்கினாள். அந்தப் பக்கமும் குழுவுக்குப் போகும் என்றாள். வக்கீல் இதை வைத்துக்கொண்டே நம் கதையை முடித்துவிடுவார் என்று கெஞ்சினேன். முடிக்கட்டும் என்றாள்.

8

இனி முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

[அ. முப்பது பறவைகளின் சராசரி எண்பத்தொன்பதரை. பட்டியல் நிற்கிறது. காப்பாளர் தொலைபேசியில் அழுகிறார். ரோப் கார் வேறொரு மலையைத் தேடிப் போகிறது.]

[ஆ. சராசரி தொண்ணூற்றொன்றே முக்கால். ஒரே பறவை. உச்சியில் ஓட்டல் எழுகிறது. மாமா மேற்பார்வையாளராகச் சேர்ந்து கம்பியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். சாப்பிடும்போது அக்காவின் முகத்தைப் பார்ப்பதில்லை.]

[இ. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண். குழு இன்னொரு குழுவை அமைக்கிறது.]

மூன்றையும் அக்காவிடம் காட்டினேன். மூன்றிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தந்தாள். குழு அறிவிக்கும் வரை எண்களை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று அவளும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அறிவிப்பு இன்னும் வரவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இருக்கிறது, உங்களுக்குத் தர முடியாது. தெரிந்துகொண்டே சொல்லாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓர் எழுத்தாளனைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசிக் காலையை மட்டும் சொல்கிறேன்.

9

அன்றைக்கு எங்களிடம் இருந்தவை இருபத்தொன்பது. பதினேழாவது கெட்டுப்போயிருக்காவிட்டால் முந்தைய நாளே இறங்கியிருப்போம். மதியத்துக்குள் மழை என்று வானிலைக்காரர் சொல்லிவிட்டார். மழையில் வலை கட்டக் கூடாது, நனைந்தால் பறவை செத்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் காலமும் முடிந்தது.

பத்து மணிக்குக் காற்று திரும்பியது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போகவில்லை. பதினொன்றுக்குக் கீழ் வலை அசைந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். முகட்டுப் பூங்குருவி.

(முப்பதாவது பறவைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று எழுத ஆசை. முப்பதில் ஒன்று சராசரியை மயிரிழைதான் அசைக்கும், புளுகாதே என்று சொல்லிவிட்டாள்.)

அவள் பையிலிருந்து பறவையை எடுத்தாள். நான் நோட்டையும் பேனாவையும் வானிலைக்காரரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷமாக மழையை எழுதுகிறவர். வாங்கக் கை நீட்டினார். அக்கா நிமிர்ந்தாள்.

"அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அவரிடம். என்னிடம் "எழுது" என்றாள்.

எனக்கு இதுவரை கிடைத்த எந்த விருதையும் இதன் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

இறக்கையை அளவுகோலில் அழுத்தினாள். எண்ணைச் சொன்னாள். எழுதினேன். எழுதியதைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். அவள் பறவையைப் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல், எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். தலையசைத்தாள்.

நான் எந்த எண்ணுக்கு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் இந்நேரம் அதற்குத்தான் ஆசைப்படுகிறீர்கள். நோட்டில் இருப்பது அவள் சொன்ன எண்.